இளைஞரும் சட்டமும்

இளைஞர் என்போர் யார்? இவ்வினாவுக்கு விடை கூறுவது எளிதென்றே எவரும் எண்ணுவர். மீசை அரும்பும் பருவத்திலிருந்து குடும்பப் பொறுப்பை ஏற்கும் பருவம் வரையில் உள்ளோர் இளைஞர் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆயின், அரசாங்கத்தின் சட்டங்களையும் விளக்கக் கையேடுகளையும் தமிழாக்கும் தொழிலில் பல ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கும் எனக்கு, இந்த ஒரு சொல் கொடுத்த தொல்லையை வேறெந்தச் சொல்லும் கொடுத்ததில்லை. ஒரு சட்டம் 14 வயது நிறையாதவரைக் குழந்தை என்கிறது. மற்றொரு சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்கிறது. 2014-ஆம் ஆண்டின் தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வயது வரையில் உள்ளோரை இளைஞர் என வகுக்கிறது. அதே ஆண்டில் நிறைவேறிய கேரள இளைஞர் ஆணையச் சட்டமோ 18 முதல் 40 வரை எனக் கோடு கிழிக்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் கணக்கு 15 முதல் 24 வரை. குழந்தை, சிறார், வளரிளம் பருவத்தினர், வாலிபர், இளைஞர் எனத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. எந்தச் சொல்லை எந்த வயதுக்கு வைப்பது என்பதே சிக்கல்.

இது மொழிபெயர்ப்பாளனுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று என்பதை எனக்கு உணர்த்தியவர், எங்கள் தெருமுனையில் இஸ்திரிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. நான் குடியிருப்பது கொச்சியில், மட்டாஞ்சேரியை அடுத்த சுள்ளிக்கல்லில். அண்ணாச்சி தென்காசிப் பக்கத்துக்காரர். பிழைப்பைத் தேடிக் குடும்பத்தோடு இங்கு வந்தவர். அண்மையில் ஒருநாள் சட்டைகளை வாங்கிக்கொள்ளச் சென்ற என்னிடம், “சார், சின்னவனுக்கு ஆடியில் பதினேழு முடிகிறது. ஓட்டுக்கு எங்கே எழுதிக் கொடுப்பது? இங்கேயா, ஊரிலா?” என்று கேட்டார். நான் விடை சொல்வதற்குள், “பெரியவனுக்குத்தான் ஒன்றும் தெரியாமல் போயிற்று” என்றும் சொல்லி, இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அந்தப் பெரியவனின் கதையைப் பின்னர் கூறுகிறேன். அதற்கு முன், நம் நாட்டில் இளைஞரைப் பற்றிய சட்டங்கள் எவ்வாறு வளர்ந்து வந்தன என்பதைச் சற்றுக் காண்போம். அந்த வளர்ச்சியை அறிந்தால், எந்தச் சட்டம் நம் பிள்ளைகளோடு மாநில எல்லையைத் தாண்டி வரும், எது எல்லையிலேயே நின்றுவிடும் என்பது தானே விளங்கும். பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இதனினும் முக்கியமான சட்ட அறிவு வேறில்லை என்றே சொல்லலாம்.

காக்கும் சட்டங்கள்

இளம் வயதினரைப் பற்றி நம் நாட்டில் இயற்றப்பட்ட முதற்சட்டங்களுள் ஒன்று, 1850-ஆம் ஆண்டின் தொழிற்பயிலுநர் சட்டம். அநாதைகளையும் ஏழைக் குழந்தைகளையும் ஒரு தொழில் வல்லுநரிடம் ஒப்படைத்துத் தொழில் கற்கச் செய்வது அதன் நோக்கம். 1875-இல் வந்த மேஜர் வயதுச் சட்டம், சொத்து, ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு 18 வயதை எல்லையாக வைத்தது. 1881-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 7 வயது நிறையாத குழந்தைகளைத் தொழிற்சாலையில் அமர்த்தலாகாது என்றது. ஏழு வயது! அதற்கு மேற்பட்ட குழந்தை நாளொன்றுக்கு 9 மணி நேரம் வரையில் உழைக்கலாம். 1891-இல் இந்த எல்லை 9 வயதாக உயர்ந்தது. இன்று படிக்கும்பொழுது நெஞ்சு கனக்கிறது. ஆயினும் அக்காலத்தில் இவ்வளவு பாதுகாப்பைப் பெறுவதற்கே பெரும் வாதம் நடந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தது நம் சென்னை மாகாணம். குற்றம் செய்த சிறுவரை முதிர்ந்த கைதிகளோடு ஒரே சிறையில் அடைத்தால், உள்ளே சென்ற சிறுவன் குற்றக் கலையில் தேர்ந்து வெளியே வருவான் என்பதைச் சிறைச்சாலைகளை ஆராய்ந்த குழுவினர் எடுத்துரைத்தனர். அதன் பயனாக 1920-இல் சென்னைச் சட்டசபை குழந்தைகள் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தியாவில் இத்துறையில் முன்னோடி இதுவே. வங்காளம் 1922-லும், பம்பாய் 1924-லும் பின்தொடர்ந்தன. பின்னர் 1929-இல் வந்த சாரதா சட்டம், பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 எனக் குறைந்தபட்ச மண வயதை விதித்தது. 1949-இல் பெண்ணுக்கு 15 என்றும், 1978-இல் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்றும் அது உயர்த்தப்பட்டது. 1933-ஆம் ஆண்டில், தம் கடனுக்காகக் குழந்தையின் உழைப்பை அடகு வைக்கும் பெற்றோரின் ஒப்பந்தம் செல்லாது எனச் சட்டம் வந்தது. 1938-இல் ரயில்வேயிலும் துறைமுகச் சரக்கு வேலையிலும் 15 வயது நிறையாதவரை அமர்த்துவது தடுக்கப்பட்டது.

இங்கே நம் ஊர் நிலவரத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். சுதந்திரத்துக்கு முன் கோட்டைக் கொச்சி பிரிட்டிஷாருக்கு உரியது. அது மலபார் ஜில்லாவைச் சேர்ந்து, சென்னை மாகாணத்தின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அதற்கு அடுத்த மட்டாஞ்சேரியோ கொச்சி மகாராஜாவின் சமஸ்தானத்தில் இருந்தது. காலாற நடந்தால் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சென்றுவிடலாம். ஆனால், சென்னைச் சட்டசபை இயற்றிய சட்டத்தின் கை கோட்டைக் கொச்சியோடு நின்றுவிடும். மட்டாஞ்சேரியிலிருந்த சிறுவனுக்கு அது எட்டாது. ஒரே கடற்காற்று, ஒரே கடைத்தெரு, ஒரே வறுமை. சட்டம் மட்டும் இரண்டு! 1949-இல் திருவிதாங்கூர்–கொச்சி இணைந்ததும், 1956 நவம்பர் 1-ஆம் தேதி கேரள மாநிலம் உருவானதும், 1967-இல் கோட்டைக் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் ஆகிய நகராட்சிகள் ஒன்றுசேர்ந்து கொச்சி மாநகராட்சி அமைந்ததும் இந்நிலையைப் படிப்படியாக மாற்றின.

சட்டத்தின் துணை போதாத இடத்தில் இளம் உடலின் உழைப்புக்கு என்ன மதிப்பு இருந்தது என்பதையும் மட்டாஞ்சேரியே காட்டிற்று. துறைமுகத்தில் அன்று ‘சாப்பா’ என்னும் முறை இருந்தது. வேலை தேடித் திரண்டு நிற்கும் கூட்டத்துக்குள் உலோக வில்லைகளை வீசி எறிவார்கள். எவன் கையில் வில்லை சிக்குகிறதோ அவனுக்கே அன்றைய வேலை, அன்றைய சோறு. இத்தகைய போட்டியில் வலியவன் வில்லையைப் பெறுவான், எளியவன் மிதிபடுவான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இம்முறையை எதிர்த்தெழுந்த கிளர்ச்சியில், 1953 செப்டம்பர் 15-ஆம் தேதி மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து, தொழிலாளர் உயிரிழந்தனர். துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் 1948-லேயே நாட்டில் இயற்றப்பட்டிருந்தது. ஆயினும் கொச்சித் துறைமுகத்துக்கென்று அதன்கீழ் ஒரு திட்டம் 1959-இல்தான் வகுக்கப்பட்டது. சட்டம் ஏட்டில் இருப்பதற்கும் ஊருக்கு வந்து சேர்வதற்கும் இடையே உள்ள தூரத்தை இந்தப் பதினோரு ஆண்டுகள் நமக்கு உணர்த்துகின்றன.

பணிக்கு அழைக்கும் திட்டங்கள்

சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம், 24-ஆம் விதியில், 14 வயது நிறையாத குழந்தையைத் தொழிற்சாலையிலோ சுரங்கத்திலோ வேறு ஆபத்தான வேலையிலோ அமர்த்தலாகாது என்று அறுதியிட்டது. 1961-இல் வந்த புதிய தொழிற்பயிலுநர் சட்டம், 14 வயது நிறைந்தோர் உதவித்தொகை பெற்றுக்கொண்டே தொழிற்கூடத்தில் பயிற்சி பெற வழி செய்தது. ஆபத்தான தொழில்களுக்கு இவ்வயது பின்னர் 18 ஆயிற்று.

கேரளத்தில் கல்வி குறித்த சட்டம் பெரும் புயலைக் கிளப்பிற்று. 1957 ஏப்ரலில் பொதுத் தேர்தலின் வழியாகக் கம்யூனிஸ்ட் அமைச்சரவை இங்குப் பதவியேற்றது. அது கொண்டுவந்த கல்விச் சட்டத்தில், 14 வயது வரையில் கட்டாய இலவசக் கல்விக்கான பகுதியும் இருந்தது. தனியார் பள்ளி நிர்வாகம் பற்றிய பிரிவுகள் கடும் எதிர்ப்பைத் தூண்டின. மாணவரும் வாலிபரும் இரு தரப்பிலும் தெருவில் இறங்கினர். 1959 ஜூலை 31-ஆம் தேதி அந்த அமைச்சரவை நீக்கப்பட்டது. அரசியல் வாதத்தில் நாம் புக வேண்டியதில்லை. இளைஞர் ஒரு சக்தி என்பதை ஆட்சியாளர், எதிர்க்கட்சியினர் ஆகிய அனைவரும் அன்று கண்டுகொண்டனர் என்பதே இங்கு நமக்கு வேண்டிய செய்தி.

நாடு முழுவதிலும் அடுத்த பத்தாண்டுகளில், அச்சக்தியை ஆக்கப் பணிக்குத் திருப்பும் முயற்சிகள் தோன்றின. காந்தியடிகள் நூற்றாண்டாகிய 1969-இல், செப்டம்பர் 24-ஆம் தேதி, 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. கல்லூரிக்குச் செல்லாத கிராமத்து இளைஞருக்காக 1972 நவம்பர் 14-ஆம் தேதி நேரு யுவ கேந்திரங்கள் அமைக்கப்பட்டன. ஏரி தூர் வாருதல், இரத்ததானம், எழுத்தறிவித்தல் முதலிய பணிகள் இவற்றின் வாயிலாக நடந்தன. 2023 அக்டோபர் 31-இல் தொடங்கப்பட்ட ‘மேரா யுவ பாரத்’ என்னும் அமைப்பு இந்த வரிசையில் அண்மையில் வந்தது.

காக்கும் சட்டங்களும் இதே காலத்தில் விரிந்தன. மாநிலத்துக்கு மாநிலம் குழந்தைகள் சட்டம் வேறுபட்டிருந்த நிலையை மாற்றி, 1986-இல் நாடாளுமன்றம் நாடு தழுவிய சிறார் நீதிச் சட்டத்தை இயற்றியது. ஆண் பிள்ளைக்கு 16, பெண் பிள்ளைக்கு 18 என்று அதில் இருந்த எல்லை, 2000-ஆம் ஆண்டின் சட்டத்தால் இருவருக்கும் 18 ஆயிற்று. 2016 ஜனவரியில் அமலுக்கு வந்த இப்போதைய சட்டம், 16 முதல் 18 வயதுக்குள் மிகக் கொடிய குற்றம் சாட்டப்பட்டவர் விஷயத்தில் மட்டும் தனி விசாரணைக்கு இடம் வைத்திருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 2016-இல் திருத்தப்பட்டது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பின் உதவுவது போன்ற சில விலக்குகள் நீங்கலாக, 14 வயது நிறையாதவரை எந்த வேலைக்கும் அமர்த்தலாகாது. 14 முதல் 18 வயது வரையில் உள்ளோரை ஆபத்தான வேலைக்கு அமர்த்தலாகாது.

குரல் கொடுக்கும் சட்டங்கள்

இதுவரையில் கூறிய சட்டங்களையும் திட்டங்களையும் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். முதல் வகைச் சட்டம், இளைஞனுக்கு எவ்விதத் தீங்கும் நேரலாகாது என்கிறது. இரண்டாம் வகைத் திட்டம், இளைஞன் நாட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்கிறது. இரண்டும் நல்லவையே. ஆனால் இரண்டிலும் பேசுபவர் பெரியவர், கேட்பவன் இளைஞன். இளைஞன் பேச, பெரியவர் கேட்க வேண்டும் என்ற மூன்றாம் வகை பின்னரே வந்தது.

அதன் தலையாய அடையாளம், அரசியல் சட்டத்தின் 61-ஆம் திருத்தம். வாக்களிக்கும் வயது அதுவரையில் 21 ஆக இருந்தது. 1988 டிசம்பரில் நாடாளுமன்றம் அதனை 18 ஆகக் குறைத்தது. திருத்தம் 1989 மார்ச் 28-இல் அமலுக்கு வந்து, அவ்வாண்டு நடந்த பொதுத் தேர்தலிலேயே புதிய வாக்காளர் சாவடிக்குச் சென்றனர். முதல் தேசிய இளைஞர் கொள்கை வெளிவந்ததும் அந்த 1988-ஆம் ஆண்டில்தான். 2003-இல் வந்த இரண்டாம் கொள்கை, 13 முதல் 35 வயது வரையில் உள்ளோரை இளைஞர் என்றது. 2014-இல் வந்த மூன்றாவது, 15 முதல் 29 எனச் சுருக்கியது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, நாட்டு மக்களுள் 27.5 சதவீதத்தினர் இந்த வயதினர்.

கொள்கை என்பது அரசாங்கம் தனக்குத் தானே வகுத்துக்கொள்ளும் வழிகாட்டி. அதை வைத்துக்கொண்டு எவரும் நீதிமன்றம் செல்ல இயலாது. சட்டம் அவ்வாறன்று. அது உரிமையையும் கடமையையும் உண்டாக்குகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக் கேரளத்தை நோக்குக. 1985-ஆம் ஆண்டின் சட்டத்தால் இங்கு இளைஞர் நல வாரியம் அமைந்தது. ஊராட்சி அளவிலிருந்து நடைபெறும் ‘கேரளோத்சவம்’ என்னும் கலை, விளையாட்டு விழாவை இவ்வாரியம் நடத்துகிறது. 2014-இல் இயற்றப்பட்ட சட்டம், இளைஞரின் முறையீடுகளைக் கேட்டு விசாரிக்கும் ஆணையத்தை நிறுவியது. விழா நடத்தும் வாரியத்திலிருந்து வழக்குக் கேட்கும் ஆணையத்துக்கு வந்து சேர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

உள்ளாட்சியிலும் ஒரு கதவு திறந்தது. 1992-இல் நிறைவேறிய 73, 74-ஆம் திருத்தங்கள், ஊராட்சி, நகராட்சித் தேர்தல்களில் 21 வயது நிறைந்தோர் போட்டியிடலாம் என்றன. சட்டசபைக்கும் மக்களவைக்கும் 25 வயது வேண்டும். 2020 டிசம்பரில், திருவனந்தபுரம் மாநகராட்சியின் மேயராக ஆரியா ராஜேந்திரன் பதவியேற்றபோது அவருக்கு வயது 21. சட்டத்தில் எழுதிய எண் ஓர் உயிருள்ள மனிதராக வந்து நாற்காலியில் அமர்ந்ததை நாடு அன்று கண்டது.

கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டு

நம் வளர்ச்சியை மற்றொரு நாட்டின் வளர்ச்சியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். ஐரோப்பாவின் வடகிழக்கில், பால்டிக் கடலோரத்தில், எஸ்தோனியா என்னும் சிறு நாடு இருக்கிறது. அதன் மக்கள்தொகை சுமார் 13 இலட்சம். நம் எர்ணாகுளம் மாவட்டத்து மக்கள்தொகையில் பாதிகூட இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சோவியத் யூனியனோடு சேர்க்கப்பட்ட அந்நாடு, 1991 ஆகஸ்டு 20-இல் மீண்டும் சுதந்திரம் கண்டது.

சோவியத் காலத்தில் இளைஞருக்கென்று கட்சி சார்ந்த ஒரே பெரிய சங்கம் இருந்தது. ‘கம்சமோல்’ என்பது அதன் பெயர். 14 வயது முதல் 28 வயது வரையில் உள்ளோர் அதன் உறுப்பினர். முகாம், விளையாட்டு, மேற்படிப்பு, வேலை யாவும் ஏதோ ஒரு வகையில் அச்சங்கத்தைத் தொட்டே சென்றன. கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்ததும் சங்கமும் மறைந்தது. அதன் கட்டாயம் நீங்கியது நன்மையே. ஆனால் அது நடத்திய மன்றங்களும் முகாம்களும்? அவற்றை யார் நடத்துவது, எந்தப் பணத்தில் நடத்துவது? இளைஞரைப் பற்றி முடிவு செய்யும்போது எவரைக் கேட்பது? பழைய வீடு இடிந்தது, புதிய வீடு இன்னும் எழவில்லை என்ற நிலை.

இவ்வினாக்களுக்கு அந்நாட்டார் சட்டத்தின் வாயிலாக விடை தேடினர். 1999-இல் இளைஞர் பணிச் சட்டம் வந்தது. 2010-இல் அதற்குப் பதிலாக விரிவான புதிய சட்டம் அமலாயிற்று. அதன்படி 7 முதல் 26 வயது வரையில் உள்ளோர் இளைஞர். ஊராட்சிதோறும் இளைஞர் தாமே தேர்ந்தெடுக்கும் இளைஞர் மன்றம் அமையலாம். அமைந்துவிட்டால், இளைஞர் பணி பற்றிய முடிவுகளில் ஊராட்சி அம்மன்றத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும். 2015-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் வயதை 16 ஆகக் குறைத்தனர். 2017 அக்டோபரில் 16, 17 வயதினர் முதன்முறையாக வாக்களித்தனர்.

நம் நாடும் எஸ்தோனியாவும் வேறு வேறு இடங்களிலிருந்து புறப்பட்டவை. அங்கே ஒரே சங்கத்தின் கட்டாயத்திலிருந்து விடுபட வேண்டியிருந்தது. இங்கே மாகாணத்துக்கொரு சட்டம் என்ற சிதறலிலிருந்து விடுபட வேண்டியிருந்தது. ஆயினும் இரு பாதைகளும் ஒரே இடத்தை நோக்கியே செல்கின்றன. இளைஞனைப் பற்றிப் பேசும் சட்டம், முடிவில் இளைஞன் பேசுவதற்கு ஓரிடத்தைக் காட்ட வேண்டும். அந்த இடம் அவன் வாழும் ஊராக இருக்க வேண்டும்.

எது உடன் வரும், எது நின்றுவிடும்?

இனி, வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு நேராக வேண்டியவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன்.

முதலாவது, கல்வி. 2010 ஏப்ரல் முதல் அமலில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் நம்மோடு எல்லா மாநிலங்களுக்கும் வரும். 6 முதல் 14 வயது வரையில் உள்ள குழந்தையை, வயதுச் சான்று இல்லை என்ற காரணத்தால் பள்ளியில் சேர்க்க மறுக்கலாகாது. பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதும் சேர்க்கையைத் தள்ளிவைக்கக் காரணமாகாது.

அண்ணாச்சியின் பெரியவன் கதை இங்கேதான் வருகிறது. சுள்ளிக்கல்லுக்கு வந்தபோது அவனுக்கு வயது 13. ஊர்ப் பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வரவில்லை. அது வந்தால்தான் சேர்ப்போம் என்று இங்கே ஒரு பள்ளியில் சொல்லிவிட்டார்கள். சான்றிதழ் வர நான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் பையன் கடையில் கரி போடவும் துணி மடிக்கவும் பழகிவிட்டான். “அடுத்த ஆனியில் பார்ப்போம்” என்றார் அண்ணாச்சி. அந்த ஆனி வரவேயில்லை. அதே மாதங்களில் கல்வி உரிமை பற்றிய ஒரு கையேட்டை நான் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். மாற்றுச் சான்றிதழைப் பற்றிய அந்த வாக்கியத்துக்குத் தக்க சொற்களைத் தேடி ஒரு மாலை முழுவதும் செலவிட்டேன். நாள்தோறும் அக்கடையில் சட்டையை வாங்கிச் சென்ற நான், பகல் வேளையில் அப்பையன் அங்கே ஏன் நிற்கிறான் என்று ஒருமுறையேனும் கேட்கவில்லை. சட்டத்தைத் தமிழில் எழுதினால் தமிழரிடம் சேர்ந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். அது தவறு என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது, மொழி. 1956-இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350அ விதி, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கத் தக்க வசதிகளைச் செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது. இதை அறிந்து, பல குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து கேட்டால்தான் பயன் உண்டு. தனி ஒருவர் கேட்டால் மனுவாகவே நின்றுவிடும். அதே சமயம் நாம் வாழும் நாட்டின் மொழியையும் கற்க வேண்டும். கேரள எழுத்தறிவு இயக்கம், வெளிமாநிலத்தாருக்கு மலையாளம் கற்பிக்க ‘சங்ஙாதி’ என்ற திட்டத்தை 2017-இல் தொடங்கியது.

மூன்றாவது, வாக்குரிமை. ஒருவர் சாதாரணமாக எங்கு வசிக்கிறாரோ அங்கேயே வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம் என்பது 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். பிறந்த ஊர் எது, தாய்மொழி எது என்று அது கேட்பதில்லை. ஆனால் ஒருவர் ஒரே இடத்தில்தான் பதிந்திருக்க வேண்டும். முன்பு ஜனவரி 1-ஆம் தேதி மட்டுமே வயதைக் கணக்கிடும் நாளாக இருந்தது. 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் முதல் நாள் ஒவ்வொன்றும் அதற்குரிய நாளாயிற்று. 17 வயது நிறைந்தவர் முன்கூட்டியே படிவம் 6-ஐ நிரப்பிக் கொடுக்கலாம். 18 நிறைந்தபின் வரும் அடுத்த தகுதி நாளில் பெயர் பட்டியலில் சேரும்.

நான்காவது, எல்லையில் நின்றுவிடும் ஒன்று. ஆதித்திராவிடர், பழங்குடியினர் பட்டியல்கள் மாநிலந்தோறும் தனித்தனியே அறிவிக்கப்படுகின்றன. ஒரு மாநிலத்துப் பட்டியலில் உள்ளவர் வேறொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கே அம்மாநிலத்தின் இட ஒதுக்கீட்டைக் கோர இயலாது என 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018-இலும் இக்கருத்தை உறுதி செய்தது. மைய அரசாங்கப் பணிகளைப் பொறுத்தவரையில், பூர்விக மாநிலத்தை ஒட்டிய சான்று செல்லும். ஆகவே தமிழ்நாட்டில் உரிய காலத்தில் பெற்ற சாதிச் சான்றைப் பத்திரமாக வைத்திருப்பது அவசியம். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்தபின் இச்செய்தியைக் கேட்டுத் திகைத்து நிற்கும் குடும்பங்கள் எத்தனையோ!

ஐந்தாவது, விட்ட படிப்பைத் தொடரும் வழி. மைய அரசாங்கத்தின் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வாயிலாக, 14 வயது நிறைந்த எவரும் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதலாம். உச்ச வயது வரம்பு இல்லை. பயிற்று மொழிகளுள் தமிழும் ஒன்று. இதுவும் எல்லைகளைத் தாண்டி நம்முடன் வரும் உரிமையே.

நேயர்களே, காக்கும் சட்டங்களுட் பல, நாம் எங்குச் சென்றாலும் நிழல்போல் உடன் வருகின்றன. ஆனால், நம்மைக் காக்கிறது என்பதை நாம் அறியாவிடில் அந்த நிழலில் நாம் ஒதுங்க மாட்டோம். குரல் கொடுக்கும் சட்டங்களோ தாமாக வருவதில்லை. படிவத்தை நிரப்பி, வரிசையில் நின்று, நாம் வாழும் ஊரில் நாமே கேட்டுப் பெற வேண்டியவை அவை.

அண்ணாச்சியின் கேள்விக்கு, “இங்கேயே எழுதிக் கொடுக்கலாம் அண்ணாச்சி. பதினேழு முடிந்த மறுநாளே கொடுக்கலாம்” என்று விடை சொன்னேன். ஆடி பிறந்தபின், அக்கடையின் மேசைமீது வைத்தே சின்னவன் படிவத்தைத் தன் கையால் நிரப்பினான். முகவரி என்ற இடத்தில் ‘சுள்ளிக்கல், கொச்சி’ என்று அவன் எழுதுவதைப் பெரியவன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இப்போது வயது 19. திறந்தநிலைப் பள்ளியின் விவரத்தை எழுதிய தாளை அவனிடம் கொடுத்தேன். வாங்கி இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். சேர்வானா என்பதை நான் இப்போது சொல்ல இயலாது. இம்முறை சட்டைகளை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிடுவதில்லை என்று மட்டும் உறுதி செய்துகொண்டிருக்கிறேன். உங்கள் தெருவிலும் பகல் வேளையில் கடையில் நிற்கும் ஒரு பையன் இருக்கக்கூடும். அவனுடைய வயதைக் கேளுங்கள். அந்த வயதுக்குரிய சட்டத்தை அவனுக்குச் சொல்லுங்கள்.